நமக்குக் கெடு உண்டு, அவர்களுக்கு?

தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் “நேரத்துக்கு அப்ளை பண்ணிவிட்டால் விசாவில் ஒரு தொல்லையும் வராது” என்று தைரியம் சொல்லும் அண்ணன்மாரே, அக்காமாரே, இனி அப்படிச் சொல்லாதீர்கள். நேரத்துக்கு விண்ணப்பம் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. நேரத்துக்குப் பதில் வாங்குவது இல்லை.

நம் பக்கத்துக் கெடு ரொம்பத் தெளிவு. விசா முடிய 60 நாளாவது இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கூடுதலாகத் தங்கி, 30 நாளுக்குள் கிளம்பினாலும் 12 மாதம் இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. 30 நாள் தாண்டினால் ஐந்து வருடம். விமான நிலையத்திலேயே ‘வேண்டாதவர்’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும், சரி. ஆனால் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர் இத்தனை நாளில் முடிவு சொல்லாவிட்டால் அவருக்கு என்ன?

காகிதம் சேர்ப்பது தனிக் கதை. நான் கொடுத்தபோது உடம்புக்கு ஒரு சான்றிதழ், நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஒன்று, போலீஸ் சான்றிதழ் ஒன்று கேட்டார்கள். இந்த மூன்றாவதுக்குக் காவல் நிலையத்தில் விரல்ரேகை கொடுக்க வேண்டும். நான் போன இடத்தில் ஓர் அம்மா கறுப்பு மையை ரோலரால் தேய்த்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுத்தார். “கையைத் தளர்த்து, நீ உதவி பண்ணாதே” என்று அதட்டல் வேறு. அது பிரிட்டோரியா போய்ச் சான்றிதழாகத் திரும்பி வர வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்கும்போது அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நம் காகிதத்துக்கு ஆயுள் ஆறு மாதம். அது போய்ச் சேருகிற கோப்புக்கு ஆயுளே கணக்கில்லை.

பத்து விரல் ரேகை இந்த ஊரில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஜோகன்னஸ்பர்க் அன்று இருந்த டிரான்ஸ்வால் காலனியில், ஆசிய ஆண்கள் ரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1907இல் சட்டம் வந்தது. மறு வருடம் ஆகஸ்ட் 16 அன்று இதே ஜோகன்னஸ்பர்க்கில், ஹமீதியா மசூதி எதிரே ஒரு பெரிய கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் காந்தியோடு நின்ற தமிழர் தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். டர்பன் இருக்கும் நேட்டாலில் இன்னும் கொடுமை. கூலி ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே இருக்க, 1895 சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், கட்டி உரிமம் எடுக்க வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். கணக்குப் போட்டால் ஆறு மாதக் கூலி. 1914இல்தான் ஒழிந்தது. அதையும் இதையும் ஒன்றாக வைக்க நான் வரவில்லை. நாம் டிக்கெட் எடுத்துச் சம்பளத்துக்கு வந்தவர்கள். என்றாலும் ‘இங்கே இருக்கலாமா’ என்று வருடக்கணக்காகக் காகிதம் நீட்டுவது எப்படி இருக்கும் என்று ஜோகன்னஸ்பர்க் பக்கம் இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேஷியாவில் இருக்கும் பழைய குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். தேங்கிய விண்ணப்பங்கள் 3,06,000க்கும் மேல் என்று அரசாங்கமே சொன்னது. 2024இல் உள்துறைக்கு வந்த அமைச்சர் லியோன் ஷ்ரைபர் அந்த மலையில் பெரும்பகுதியைக் கரைத்தார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதுவரை நம்மைக் காத்தது சட்டம் அல்ல, சுற்றறிக்கை. முடிவு வராதவர்கள் 2024 ஜூன் 30 வரை இருக்கலாம் என்று ஒன்று. அப்புறம் டிசம்பர் 31 வரை. அப்புறம் 2025 மார்ச் 31. அப்புறம் செப்டம்பர் 30. ஒவ்வொரு தேதியும் நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுவில் “அடுத்தது வந்துவிட்டதா?” என்று ஒரே கேள்வி.

சுற்றறிக்கை விமான நிலையத்தில் செல்லும். வெளியே? விசா தேதி முடிந்துவிட்டது என்று என் சம்பளக் கணக்கை ஒரு வங்கி முடக்கியது. சுற்றறிக்கையையும் விண்ணப்ப ரசீதையும் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தார், நகல் எடுத்தார், “எனக்குப் புரிகிறது, சிஸ்டம் விசா தேதியைத்தான் கேட்கிறது” என்றார். அவர்மேல் தப்பில்லை. அந்த மாத வீட்டு வாடகையை நண்பர் கட்டினார். அப்படி ஒரு நண்பர் இல்லாதவர் என்ன செய்வார்?

நம்மைவிட மோசமான நிலை ஜிம்பாப்வேக்காரர்களுடையது. 2009இல் தொடங்கிய சிறப்பு அனுமதி பெயர் மாறி மாறி, நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக ஓடுகிறது. சுமார் 1,78,000 பேர். இங்கே பிறந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அவர்கள்.

“நாடு அவர்களுடையது, பிடிக்காவிட்டால் கிளம்பு” என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத நாடு இது. வெளிநாட்டுக்காரனைப் பார்த்தால் ஏன் கோபம் வருகிறது என்று எனக்குத் தெரியும். விசா கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும், பெட்டியைக் கட்டுகிறேன். ஒன்றும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

பிரிட்டனில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அனுமதி முடியும் முன் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதியே தானாக நீளும். 1971 குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு. அமைச்சர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கேயும் அதைச் சட்டத்திலேயே எழுதி, ரசீதிலேயே அச்சடித்து, வங்கிகளுக்கும் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் இடங்களுக்கும் அந்த ரசீது செல்லும் என்று சொல்லிவிட்டால் போதும்.

விசா சம்பந்தமாக வரைவு ஏதாவது பொதுமக்கள் கருத்துக்கு வந்தால் நாலு வரி எழுதி அனுப்புங்கள். உங்கள் வங்கி ரசீதை ஏற்றதா இல்லையா என்று கமெண்ட்டிலும் போடுங்கள். வங்கிப் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். டர்பனில் நிலைமை கொஞ்சம் தேவலை என்கிறார்கள், அது உண்மையா?