குட்டைப் பப்பாளி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

நர்சரி வாசலில் 'குட்டைப் பப்பாளி' என்ற அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றே ஒன்று வாங்கி வந்து கொல்லையில் வைக்கிறோம். நான்கைந்து மாதத்தில் நீண்ட காம்புகளில் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வீடே பூரித்துப்போகிறது. பூக்கள் உதிர்கின்றன, மறுபடி பூக்கின்றன, மறுபடி உதிர்கின்றன. அது ஆண் மரம், காய்க்காது. அட்டையில் எழுதியிருந்தது பொய்யும் இல்லை, மரம் குட்டையாகத்தான் இருக்கிறது.

ஓரிரு மரத்துக்கு மட்டுமே இடம் உள்ள வீடுகளில் உயரம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த வகை ஆண், பெண் எனத் தனித்தனி மரமாக வருவதா, ஒரே பூவில் ஆண், பெண் இரு உறுப்பும் உள்ள இருபால் பூக்கள் கொண்டதா என்பதே. இதைக் கேட்காமல் வாங்கும் ஒற்றைக் கன்று, காசைச் சுண்டிப்போட்டுப் பார்ப்பதுதான்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 குட்டையான நல்ல வகை, ராஞ்சி வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. பூசா நன்ஹா இன்னும் குள்ளம். காமா கதிர் பாய்ச்சியதில் கிடைத்த திடீர் மாற்றத்திலிருந்து உருவாக்கிய அந்த வகை, தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்திலேயே காய்க்கத் தொடங்கும். இரண்டுமே ஆண், பெண் தனித்தனியாக வருபவை. விதைத்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. ஒரு கன்று வைத்தால் ஆணாகப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒரே குழியில் நான்கு வைத்தால் நான்குமே ஆணாகப் போக 16-ல் ஒரு வாய்ப்புதான். குழிக்கு மூன்று நான்கு நாற்று நட்டுப் பூத்த பிறகு கழிக்கும் பழைய விவசாயிகளின் வழக்கத்தில் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது. கழிக்க மனம் வராது என்பவர்கள் இந்த வகைகளை விட்டுவிடலாம். பெண் மரத்துக்கு மகரந்தம் தர அக்கம்பக்கத்தில் ஓர் ஆண் மரமும் வேண்டும்.

கோ 7, ரெட் லேடி போன்றவை வேறு இனம். இவற்றில் இருபால் மரமும் பெண் மரமும்தான் வரும். இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் என்பதால் இருபால் மரம் ஒன்றே போதும். தைவானிலிருந்து வந்த ரெட் லேடி இடுப்பளவு உயரத்துக்குக் கீழேயே காய்க்கத் தொடங்கிவிடுகிறது. சிறிய வீட்டுக்கு இதற்கு மேல் என்ன குட்டை வேண்டும்?

கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் பழத்தின் வடிவத்தைப் பாருங்கள். நீண்ட பழம் பெரும்பாலும் இருபால் பூவில் பிடித்தது. உருண்டைப் பழம் பெண் பூவில் பிடித்தது. ஆண் மரமே இல்லாத தோட்டத்தில் விளைந்த நீண்ட பழத்தின் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் வரும். ரெட் லேடி முதல் தலைமுறைக் கலப்பினம் என்பதால் அதன் பிள்ளைகள் உயரத்திலும் சுவையிலும் தாயைப் போலவே இருக்க மாட்டா. வீட்டுக்குத்தானே, அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. உருண்டைப் பழம் பிடித்த பூவில் எந்த மகரந்தம் விழுந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சீக்கிரமாக விதைத்துவிடுங்கள். டப்பாவில் போட்டு அடுத்த வருடம் எடுத்தால் பாதி முளைக்காது. நல்ல விதை இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். அதற்குள் பொறுமை இழந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் நாற்று தூரோடு அழுகிச் சாயும்.

பப்பாளிக்கு எதிரி வறட்சியைவிடத் தேங்கும் நீர். வேரைச் சுற்றி இரண்டு நாள் நீர் நின்றாலே மரம் மஞ்சளாகிவிடும். அதனால் மேடாக அணைத்த மண்ணில் வையுங்கள். தொட்டியென்றால் பெரிய டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் தாராளமாகத் துளை போடுங்கள். தை, மாசியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் தண்டு தேறிவிடுகிறது. தெருச் சாக்கடை ஓரத்தில் காக்கை எச்சத்தில் முளைத்த மரம் நம் செல்லப் பிள்ளையைவிட அருமையாகக் காய்ப்பதைப் பார்த்து எரிச்சல் படாதவர்கள் உண்டா? அதை யாரும் பிடுங்கி நடவில்லை, வேர் அறுபடவில்லை. முடிந்தால் நேரே குழியில் விதைப்பதே நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கன்றைச் சாய்த்துக் கட்டினால் மரம் குட்டையாகும் என்கிற வீடியோக்களையும் பார்க்கிறேன். காய் தரைக்குக் கொஞ்சம் அருகில் வரும், மறுக்கவில்லை. ஆனால் நெட்டை வகை நெட்டை வகைதான். படுத்துக்கொண்டு நீள்கிறது, அவ்வளவே. உச்சியை வெட்டுவது இன்னொரு யோசனை. கிளை வரும், ஆனால் தண்டு உள்ளே கூடு. வெட்டுவாயை மூடாமல் விட்டால் மழைநீர் இறங்கி அழுகும். இத்தனை வித்தைகளையும் செய்கிறவர்கள் அதே மரத்தை மாமர நிழலில் வைத்திருப்பார்கள். வெயில் போதாவிட்டால் குட்டை வகைகூட ஒளியைத் தேடி நெட்டுக்குப் போகும். முழு வெயில் இல்லாத வீட்டில் பப்பாளி ஆசையை விட்டுவிடுவது உத்தமம்.

ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்புகிறவர்களுக்கு: சில ஆண் மரங்கள் பருவம் மாறும்போது தாமாகவே அந்த நீண்ட காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காய் பிடிக்கும். பெயர் ஆணிக்குப் போய்விடுகிறது.

பூச்சி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே வெள்ளையடித்தது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-ல் பூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது. வெள்ளையைக் கண்டதும் கடை மருந்தைத் தூக்கி அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து சாகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ தெளியுங்கள்.

இலை சுருங்கி, மஞ்சள் தேமல் படர்ந்து, காயில் வளையம் வளையமாகக் குறி விழுந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். அசுவினிப் பூச்சி பரப்புவது, மருந்து கிடையாது. அந்த மரத்தைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதன் பழத்தில் எடுத்த விதையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, இந்த நோய் விதை வழியாக வருவதில்லை. நோயில்லாத மரத்துக்கும் இரண்டு மூன்று வருடமே நல்ல காலம். பிறகு காய் சிறுக்கும். ஆகவே முதல் மரம் காய்த்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு மூலையில் அடுத்த நான்கு விதையைப் போட்டுவிடுவது என் வழக்கம்.