ஹுவா குவோஃபெங் சிறையில் இறக்கவில்லை

சீனத் தலைவர் மாவோவின் அரசியல் வாரிசான ஹுவா குவோஃபெங்கை, அவருக்குப் பின் அதிகாரத்தைக் கைப்பற்றிய டெங் சியாவோபிங் கைது செய்து சிறையிலேயே சாகவிட்டார் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1976 அக்டோபர் 6 அன்று கைதானவர்கள் மாவோவின் மனைவி ஜியாங் சிங் உள்ளிட்ட, கலாச்சாரப் புரட்சியை முன்னின்று நடத்திய 'நால்வர் குழு'வினர்; அந்தக் கைதுக்கு முன்னின்றவர்களில் ஒருவரே ஹுவாதான் என்பதால், இந்தக் குழப்பம் சற்று வேடிக்கையானதும்கூட.

அவருடைய வீழ்ச்சி படிப்படியாகவே நிகழ்ந்தது. அவரிடமிருந்த பதவிகளில், 1980 செப்டம்பரில் பிரதமர் பதவி ஜாவோ ஜியாங்குக்கும், 1981 ஜூனில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் கட்சித் தலைவர் பதவி ஹூ யாவோபாங்குக்கும், இராணுவ ஆணையத் தலைமை டெங்குக்கும் சென்றன. அதே கூட்டத்தில் நிறைவேறிய கட்சி வரலாறு குறித்த தீர்மானம், மாவோவின் முடிவுகளை அப்படியே பின்பற்றியதற்காகவும் தன்னைச் சுற்றித் தனிநபர் வழிபாட்டை வளர்த்ததற்காகவும் ஹுவாவைப் பெயர் குறிப்பிட்டே கண்டித்தது. ஆயினும் அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை, கட்சியிலிருந்து நீக்கப்படவுமில்லை. அதிகாரமில்லாத உறுப்பினராக 2002 வரை மத்தியக் குழுவில் நீடித்து, 2008 ஆகஸ்ட் 20 அன்று பெய்ஜிங்கில் காலமானார்.

உயர்மட்டத் தலைவர்கள் சிறை சென்றதே இல்லை என்பது என் வாதமல்ல. 2013இல், கட்சியின் உயர்மட்ட அமைப்பான பொலிட்பீரோவில் உறுப்பினராக இருந்த போ சிலாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அதை ஹுவாவின் கதையோடு சேர்த்துப் பேச இடமில்லை.