ரெண்டு போச்சுக்கா!

அக்கா: போன்ல "ரெண்டு போச்சுக்கா, மூணாவதும் கறுத்துக்கிட்டு வருது"ன்னு அழுதியே, என்னடா போச்சு? கிளம்பு, மொதல்ல டாக்டர்கிட்ட போவோம்.

தம்பி: கால் நகம்கா.

அக்கா: நகமா! நகத்துக்காடா நான் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தேன்?

தம்பி: ஓடியா வந்த? என்ன பேஸ்? கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்?

அக்கா: ஒண்ணு விட்டேன்னா தெரியும் என்ன பேஸுன்னு.

தம்பி: விளையாட்டு இல்லக்கா, மாரத்தான், 42.195 கிலோமீட்டர் ஓடிருக்கேன். விரல் ஷூ முனையில இடிச்சு இடிச்சு நகத்துக்கு அடியில ரத்தம் கட்டிருச்சு. கட்டைவிரல் நகம் முழுசா வளர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்.

அக்கா: முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு ஷூ வாங்கிருக்கலாம்ல?

தம்பி: அது... ஆஃபர்ல இந்த சைஸ்தான் இருந்துச்சு.

அக்கா: சரி, அந்தக் குப்பைப் பைய எடுத்துட்டுப் போய் கீழ வை.

தம்பி: மாடி ஏறச் சொல்லு ஏறுறேன், இறங்கத்தான் முடியாது. இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டுக்கிட்டே மொத்த வெயிட்டையும் தாங்கணும், அங்கதான் உள்ள நுணுக்கமா கிழிஞ்சிருக்கு.

அக்கா: போன தடவை, ஓடும்போது தசையில சேருற லாக்டிக் ஆசிட்தான் வலிக்குக் காரணம்னு சொன்ன?

தம்பி: அது ஓடி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே உடம்பை விட்டுப் போயிருமாம். இந்த வலிக்கு அது காரணமில்லையாம்.

அக்கா: அப்ப அதைச் சொல்லி ஒரு வாரம் படுத்துக் கிடந்தியே?

தம்பி: வாட்ச் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதுக்கா. 72 மணி நேரம்னு காட்டுது பாரு.

அக்கா: குப்பையக் கொட்டச் சொன்னது நானு. வாட்ச்கிட்ட நான் பேசிக்கிறேன்.

தம்பி: நீ கத்துறதுல ஹார்ட் ரேட் ஏறுது.

அக்கா: நல்லதுதானே, அதையும் ஆப்ல ஏத்திரு, நாலு பேர் லைக் போடுவான்.

தம்பி: உனக்கு அந்த வேதனை புரியாது. முப்பது கிலோமீட்டர் தாண்டினதும் கிளைகோஜன், அதான் உடம்பு சேத்து வச்ச சர்க்கரை, காலி, கால் கல்லு மாதிரி ஆயிருச்சு, கண்ணுல தண்ணியே வந்துருச்சு, யாருன்னே தெரியாத ஒருத்தர் ரோட்டோரம் நின்னு கை தட்டினாரு பாரு, அதுலதான் மிச்சத்தை ஓடினேன்.

அக்கா: நேத்துலேர்ந்து ஐஸு, தண்ணி, சாப்பாடுன்னு அம்மா எத்தனை தடவை இந்தப் படி ஏறி இறங்கினாங்க? முட்டி தேஞ்சு வருஷக்கணக்காச்சு. அவங்களுக்கு யாருடா கை தட்டினா?

தம்பி: அவங்களுக்குத்தான் பழகிருச்சே...

அக்கா: பழகல. உக்காருங்கன்னு சொல்ல வீட்ல ஆளில்ல.

(இதுக்கப்புறம் எவனாலயும் படுத்திருக்க முடியாது. எந்திரிச்சுட்டான். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, முதுகைக் கீழ்ப்பக்கம் காட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா" போட்டு இறங்குறான். அதுலயும் அம்மாதான்.)

தம்பி: அக்கா! நாலு படி இறங்கிட்டேன், வாட்ச்ல ஸ்டார்ட் அமுக்கவே இல்ல, கணக்குல வராது!

அக்கா: இறங்குடா!

தம்பி: ...வந்துட்டேன்! ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்!

அக்கா: பை இங்கயே இருக்கு.