மருந்து எங்கே என்று கேட்ட பெரியவருக்கு

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐந்து மாதமாக உதவித்தொகை வரவில்லை என்று எழுந்து நின்று முறையிட்ட மாணவியிடம், "இத்தனை வருடமாகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாயே, ஒரு மருந்தாவது கண்டுபிடித்தாயா?" என்று கேட்டார் மேடையிலிருந்த பெரியவர் ஒருவர். அரங்கமே கைதட்டியது. கேள்வியைவிட அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

முனைவர் பட்ட ஆய்வு ஒரு பயிற்சி. மருந்து தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு யாரும் அதில் சேர்வதில்லை. கண்ணில் படுவது மெய்தானா என்று சோதிக்கப் பழகுகிறோம்.

என் மூன்றாம் ஆண்டில், மார்பகப் புற்றுச் செல்களை வைத்து எட்டு மாதம் சோதனை செய்திருந்தேன். செல்கள் நன்றாக வளர்ந்தன. வளர்ப்புத் திரவம் கலங்கவில்லை. ஒருநாள் டிஎன்ஏ சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உட்கருவைச் சுற்றி ரவை சிந்தியதுபோல் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத அந்தப் பாக்டீரியாவைப் பென்சிலின் ஒன்றும் செய்யாது. எப்போது நுழைந்தது என்றும் தெரியாது; அதனால் எட்டு மாத முடிவுகளில் எதையும் நம்ப முடியாது. எல்லாக் குடுவைகளிலும் பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிட்டு, கை கழுவும் தொட்டியருகே நின்று அழுதேன். அந்த முடிவுகளைக் கட்டுரையாக்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆக்காமல் விட்டேனே, அதுதான் நான் பெற்ற பயிற்சி.

'அப்படியானால் பணம் வீண்தானே' என்பீர்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் அறிவித்தவர்கள் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும். அதைக் கண்ட நாட்களில் ஹங்கர்ஃபோர்டு ஓர் ஆய்வு மாணவர். அந்தக் கோளாற்றின் விளைவை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல். நாற்பத்தொரு ஆண்டுகள்! அந்த மாணவரிடம் மருந்து கேட்டிருந்தால் எதைக் காட்டியிருப்பார்?

காலம் கடத்தும் மாணவர்களும் உண்டுதான். எந்தத் துறையில் இல்லை?

'மாதம் 37,000 ரூபாய் போதாதா' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கு அறிவிக்கப்பட்ட தொகை அது. அறிவித்தால் போதுமா, கைக்கு வர வேண்டாமா? எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. அம்மா வளையலை அடகு வைத்துத்தான் விடுதிக் கட்டணம் கட்டினேன். அந்தத் தீபாவளிக்கு ஊருக்கும் போகவில்லை. செல்களுக்குத் திரவம் மாற்ற ஆளில்லை.

கைதட்டியவர்களே, அந்தப் பெண் கேட்டது தனக்குச் சேர வேண்டிய ஐந்து மாதத் தொகையை. அதற்கு அந்த மேடையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.