ஃபேர்கிரவுண்டை மாநிலத்திடம் கொடுப்பதற்கு முன்

கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பகுதி) பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் எட்டிப் பார்க்கும் யோசனைகளில் இதுவும் ஒன்று: "ஃபேர்கிரவுண்டை நாம் ஏன் கட்டி மாரடிக்க வேண்டும்? மாநிலத்திடம் ஒப்படைத்துவிடலாமே." ஃபேர்கிரவுண்டு என்பது ஃபேர் எனும் வேளாண் கண்காட்சித் திருவிழா நடக்கும் மைதானம். அங்கே ஹாலின் கூரை ஒழுகுகிறது, கிராண்ட்ஸ்டாண்டு படிகள் ஆடுகின்றன, மாநிலத்தின் கஜானாவோ பெரிது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். என் கருத்து இது: நிலத்தைக் கொடுக்கவே கூடாது. நடத்தும் பொறுப்பை வேண்டுமானால் காலக்கெடு போட்டுக் கொடுக்கலாம், அதுவும் கறாரான ஒப்பந்தத்தோடு.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாத ஊர் இது. ஆரஞ்ச் கவுண்டி ஃபேர் என்று பெயர், நடத்துவது 32ஆவது மாவட்ட வேளாண் சங்கம். அது ஒரு மாநில அமைப்பு. டெல் மாரில் நடக்கும் சான் டியாகோ கவுண்டி ஃபேரும் அப்படியே, 22ஆவது சங்கம். இத்தகைய சங்கங்கள் ஐம்பதுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றின் வாரியத்துக்கும் ஆளுநர் ஒன்பது பேரை நான்கு ஆண்டுக்கு நியமிக்கிறார். பிளசண்டனில் நடக்கும் அலமீடா கவுண்டி ஃபேர் வேறு வகை. நிலம் கவுண்டியுடையது, நடத்துவது லாப நோக்கற்ற ஒரு சங்கம். பாட்டுச் சத்தம் தாங்கவில்லை, பார்க்கிங்கால் தெருவே அடைபடுகிறது என்றால் கவுண்டி மைதானத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி வாரிய உறுப்பினரான சூப்பர்வைசரின் கழுத்தைப் பிடிக்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். ஆளுநர் நியமித்த வாரியத்தை உள்ளூர்க்காரர் என்ன செய்ய முடியும்? போதாக்குறைக்கு, மாநில நிலத்துக்கு எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று சொல்லும் உள்ளூர் ஜோனிங் விதிகளும் பொருந்தாது.

இனி அந்தப் பெரிய கஜானா. 1933இல் குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைச் சட்டமாக்கியபோது அதன் உரிமக் கட்டணம்தான் ஃபேர்களுக்குப் படியளந்தது. பந்தயம் தேயத் தேய அதுவும் தேய்ந்தது. 2009இல் அந்தச் சுமையை மாநிலப் பொது நிதிக்கு மாற்றினார்கள். இரண்டே ஆண்டில், 2011இல், ஆண்டுக்கு 3.2 கோடி டாலராக இருந்த அந்த ஒதுக்கீட்டை அடியோடு நிறுத்தினார்கள். மாநிலத்துக்குச் சொந்தமான மைதானங்களுக்கும் அதே கதிதான். 2017இல் வந்த ஒரு சட்டம் ஃபேர்கிரவுண்டில் நடக்கும் வரிக்குரிய விற்பனையில் 0.75 சதவீத அளவுக்குப் பணத்தை ஃபேர்களுக்கென்று ஒதுக்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் விற்பனை என்றால் கிடைப்பது 30,000 டாலர். பெரிய ஹால் ஒன்றின் கூரையை மாற்றக்கூட அது காணாது. அந்தப் பணமும் நேராக அந்த மைதானத்துக்கு வராது. பொது நிதியில் சேர்ந்து, மாநில வேளாண் துறை வழியாகத்தான் பங்காகும். கவுண்டி ஃபேர்களும் அந்தப் பங்கீட்டுக்குள்தான் வருகின்றன என்பதால், இதற்காகக் கைமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மாநிலத்துக்குப் பணமுடை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆரஞ்ச் கவுண்டி ஃபேர் நடக்கும் கோஸ்டா மேசா நகரம் சாட்சி. 2009 பட்ஜெட் நெருக்கடியில் அந்த ஃபேர் நடக்கும் 150 ஏக்கரை விற்க அப்போதைய ஆளுநர் ஷ்வார்ஸ்நேகரின் அரசு முடிவெடுத்தது. ஏலத்தில் வந்த உச்ச விலை 5.65 கோடி டாலர். போதாது என்று அதை நிராகரித்து, நகராட்சியோடும் ஒரு தனியார் நிறுவனத்தோடும் 9.6 கோடிக்குப் பேசினார்கள். ஊர் கொதித்தது, வழக்கு போனது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தடுத்தது. மைதானம் பிழைத்தது நீதிமன்றத்தால். கவுண்டி தன் நிலத்தை மாநிலத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்குமுன் இந்த வழக்கை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்களை யாரும் மேடையில் பேசுவதில்லை. பொது அமைப்புகள் கூட்டம் போட முன்னறிவிப்புச் சட்டங்கள் உண்டு. கவுண்டி அமைப்புகளுக்கு பிரவுன் சட்டம், 72 மணி நேர அறிவிப்பில் கூட்டம் போடலாம். மாநில அமைப்புக்கு பேக்லி-கீன் சட்டம், 10 நாள் அறிவிப்பு. ஜூலை மாதம், திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கழிப்பறை ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் இந்த வித்தியாசம் புரியும். அவசரக் கூட்டத்துக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் எதை அவசரம் என்று சொல்லலாம் என்பதற்கு வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கும். கட்டட அனுமதியும் கைமாறும். மாநிலக் கட்டடம் ஆனதும் தீப்பாதுகாப்புக்கு மாநில ஃபயர் மார்ஷல், மாற்றுத்திறனாளி அணுகல் விதிகளுக்கு மாநிலக் கட்டடக் கலை அலுவலகம். உள்ளூர் ஆய்வாளரைக் கூப்பிட்டால் நாளைக்கே வருவார். மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவின் வரிசை அப்படி நகராது.

காப்பீட்டுச் சான்றிதழ் சின்ன விஷயம்போலத் தெரியும். பொங்கல் விழாவுக்கு ஹால் எடுக்கும் நம் தமிழ்ச் சங்கங்களுக்குக்கூட இது தெரிந்த தலைவலிதான். பொதுவாக 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், ராட்டினம் கொண்டுவருபவரிடம் 50 லட்சம். சான்றிதழில் கூடுதல் காப்பீடு பெறுபவராக யார் பெயர் வர வேண்டும் என்பது உரிமையாளரைப் பொறுத்தது. மைதானம் கைமாறினால் மாநிலத்தின் பெயர், வேளாண் சங்கத்தின் பெயர் எல்லாம் ஒப்பந்தத்தில் உள்ளபடி அப்படியே இருக்க வேண்டும். ஏற்கெனவே முன்பணம் கட்டிய அத்தனை பேரும் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதை ஒழுங்காகத் தெரிவிக்காவிட்டால் சனிக்கிழமை காலை வாசலில் தகராறுதான்.

மின்சாரம் இன்னும் மோசம். பழைய கவுண்டி மைதானங்களில் சாலைத் துறை யார்டு, ஷெரிஃப் கிடங்கு, ஃபேர் ஹால் எல்லாம் ஒரே மீட்டரில், ஒரே தண்ணீர்க் குழாயில் இருக்கலாம். ராட்டினக்காரர்கள் ஜெனரேட்டரோடு வருவார்கள். ஆனால் உணவுக் கடை வரிசையும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளுக்கான 30, 50 ஆம்ப் இணைப்புகளும் மைதானத்தின் பேனலில்தான் தொங்கும். கைமாற்றுவதற்கு முன் மீட்டரைப் பிரிக்க வேண்டும், குழாய் போகும் பாதைக்கு ஈஸ்மென்ட் (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) எழுத வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். பிரிக்காமல் ஒப்படைத்தால் யார் பில்லை யார் கட்டுவது என்பதிலேயே முதல் வருடம் போய்விடும்.

ஊழியர்கள் விஷயத்திலும் மேலோட்டமாக இருக்க முடியாது. 20 கவுண்டிகள் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஓய்வூதிய நிதி வைத்திருக்கின்றன. ஆளை மாநிலத்துக்கு மாற்றினாலும் பழைய சர்வீஸுக்கான ஓய்வூதியக் கடன் கவுண்டியின் தலையில்தான். மாநிலச் சங்கங்களில் பருவகால வேலைக்கு, ஆண்டுக்கு 119 நாள் வரை மட்டும் வேலை செய்யும் தற்காலிக ஊழியர் என்ற ஏற்பாடு உண்டு. நிரந்தர ஆட்களோ மாநில சிவில் சர்வீஸ். 2020இல் ஃபேர்கள் ரத்தானபோது மாநிலம் சுமார் 4 கோடி டாலர் ஒதுக்கியது. எதற்குத் தெரியுமா? கையிருப்பு தீர்ந்த சங்கங்கள் ஆட்குறைப்பு செய்யும்போது சட்டப்படி கொடுத்தாக வேண்டிய தொகைகளுக்கு.

பொறுப்பு யாருடையது என்று தெளிவாக எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆடு உதாரணம். 2022இல் ஷாஸ்டா மாவட்ட ஃபேரில், மாநிலத்தின் 27ஆவது சங்கம் நடத்துவது, ஒன்பது வயதுச் சிறுமி வளர்த்த ஆடு 902 டாலருக்கு ஏலம் போனது. ஃபேரின் பங்கு 63 டாலர் சொச்சம். கறிக்குக் கொடுக்க மனமில்லாமல் குடும்பம் ஆட்டை வேறு கவுண்டிக்குக் கொண்டுபோனது. கவுண்டி ஷெரிஃப் ஆட்கள் வாரண்டோடு நூற்றுக்கணக்கான மைல் போய் அதைப் பிடித்து வந்தார்கள். ஆடு வெட்டப்பட்டது. ஃபேர் மாநிலத்துடையது, ஆனால் 2024இல் 3 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது கவுண்டி தரப்பு.

கவுண்டியிடம் இருந்தால் எல்லாம் சுகம் என்றும் சொல்ல மாட்டேன். சான்டா கிளாரா கவுண்டியின் மைதானம் சான் ஹோசேயின் நடுவில் இருந்தும் அங்கே ஃபேர் சுருங்கிப்போனது. கிரிக்கெட் அரங்கம் கட்டலாமா என்ற பேச்சுகூட வந்தது (நம்மவர்களுக்கு அதில் வருத்தம் இல்லை). காட்டுத்தீ வந்தபோது இரண்டு வகையும் கைகொடுத்தன: 2017இல் கவுண்டியின் சோனோமா மைதானம், 2018இல் சிக்கோவில் மாநிலத்தின் சில்வர் டாலர் மைதானம்.

ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால், கவுண்டி வக்கீல் முதலில் எடுக்க வேண்டியது நிலத்தின் உரிமை விவரம் சொல்லும் டைட்டில் ரிப்போர்ட். பல பழைய நிலங்கள் "பொது உபயோகத்துக்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு தானமாக வந்திருக்கலாம், மீறினால் கொடுத்தவர் வாரிசுகளுக்கே திரும்பலாம். அடுத்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் பொறியாளர் அறிக்கை, தள்ளிப்போட்ட பராமரிப்புக்கு டாலர் கணக்கோடு. குத்தகைக் காலம், விற்கவோ அடமானம் வைக்கவோ தடை, மராமத்துத் தொகை இரண்டு ஆண்டு தொடர்ந்து வராவிட்டால் மைதானம் கவுண்டிக்கே திரும்பும் என்ற ஷரத்து, 4-எச், எஃப்எஃப்ஏ என்ற இளையோர் வேளாண் அமைப்புகளின் பிள்ளைகள் நடத்தும் கால்நடை ஏலத்துக்கு உறுதியான தேதி, தீ, வெள்ளக் காலத்தில் மைதானத்தைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அந்த நாட்களின் செலவு யாருக்கு. இத்தனையும் கையெழுத்துக்கு முன் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், இணைப்புகளோடு.