சம்பந்திக்கு எதிராக ஒரு மட்டை

(ஹட்டன் நகரில் ஒரு விளையாட்டுப் பொருட்கடை. சுவரில் பிக்கிள்போல் மட்டைகள்; ஓட்டைப் பந்தை வலைக்கு மேலால் மட்டையால் அடித்து ஆடும் ஆட்டம் அது. வெளியே மழை, மழையில்லாத ஹட்டனைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். கடைக்காரர் சுரேஷ் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ராஜேஸ்வரி படியேறி வருவதைக் கண்டதும் கதிரையிலிருந்து தன்னையறியாமல் எழுந்து நிற்கிறார்.)

சுரேஷ்: வாருங்கள் டீச்சர். குடையை அந்த மூலையில் வையுங்கள்.

டீச்சர்: பிக்கிள்போல் மட்டை ஒன்று வேண்டும். இருப்பதிலேயே பலமாக அடிக்கிற மட்டையாக எடு.

சுரேஷ்: டீச்சரும் விளையாடத் தொடங்கிவிட்டீர்களா?

டீச்சர்: விளையாட்டு எங்கே? சம்பந்தியம்மாவோடு மோதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு நுவரெலியாவுக்குப் போகிறோம். மகன் அங்கே ஒரு மண்டபத்தில் பட்மின்டன் தளத்தைப் பிடித்து, வலையைத் தாழ்த்திக் கட்டியிருக்கிறான்.

சுரேஷ்: சரியான வேலை. இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. வலை மட்டும் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. மகன் உங்கள் பக்கம்தானே ஆடுகிறார்?

டீச்சர்: கல்யாணம் முடிந்த பிறகு எந்த மகன் தாய் பக்கம் ஆடியிருக்கிறான்? அவன் மாமியாரோடு சேர்ந்து எதிர்ப்பக்கம். என் பக்கம் எங்கள் வீட்டு ஐயா. அவர் ஆடுவதில்லை, புள்ளி எண்ணுவார். அதுவும் அவர்களுடைய புள்ளியை.

சுரேஷ்: நீங்கள் எப்படி ஆடுவீர்கள் டீச்சர்? வலைக்குக் கிட்ட நின்றா, பின்கோட்டில் நின்றா?

டீச்சர்: பந்து வந்தால் அடிப்பேன். வராவிட்டால் போய் அடிப்பேன்.

சுரேஷ்: போய் அடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலையிலிருந்து 7 அடி வரைக்கும் கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு, பந்து நிலத்தில் படுமுன் அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்தாலும், அடித்த வேகத்தில் கால் உள்ளே போய்விட்டால் தவறு.

டீச்சர்: தெரியும். மகன் வீட்டுக் கிச்சனிலும் எனக்கு அதே சட்டம்தான்.

(சுரேஷ் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்து, பாதுகாப்பாக இருமுகிறார். டீச்சர் சுவரில் தொங்கும் மட்டைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மிகப் பாரமானதைக் கையில் எடுக்கிறார்.)

டீச்சர்: இது.

சுரேஷ்: அது 8.6 அவுன்ஸ். கிட்டத்தட்ட 244 கிராம். அடி பலமாக விழும், ஆனால் வலைக்கு முன்னால் பந்து மாறி மாறிச் சடசடவென்று வரும்போது கை திரும்பாது. ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய முழங்கை வேறு. 8 அவுன்ஸ் போதும், 227 கிராம்.

டீச்சர்: 17 கிராம் குறைகிறதே. அந்த அடி யாருக்கு நட்டம்?

சுரேஷ்: கையின் வேகத்தில் ஈடுகட்டலாம். போதவில்லை என்றால் விளிம்பில் ஈய நாடா ஒட்டிக்கொள்ளலாம். சம்பந்தியம்மா எப்படி ஆடுவார்?

டீச்சர்: மெதுவாக. கதைப்பதும் அப்படித்தான். வலையைத் தொட்டும் தொடாமலும் தூக்கிப் போடுவார், சரியாக என் காலடியில் விழும். போன முறை எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, "நுவரெலியாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் இருக்கிறது, என்ன சம்பந்தி?" என்றார். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, டிக்கோயாவில் பிறந்தவளிடம்!

சுரேஷ்: அடடா.

டீச்சர்: அந்தத் தேத்தண்ணீருக்கு இன்னும் பதில் கொடுக்கவில்லை. ஒரு சந்தேகம் கேட்கிறேன், சட்டமாகச் சொல். பந்து அவர் உடம்பில் பட்டால் யாருக்குத் தவறு?

சுரேஷ்: பட்டவருக்குத்தான். கோட்டுக்கு வெளியே நின்றாலும், பந்து நிலத்தில் படுமுன் அவர்மேல் பட்டால் புள்ளியோ சேர்விஸோ எதிர்ப்பக்கத்துக்குத்தான் போகும். மட்டை பிடித்த கையில் மணிக்கட்டுக்குக் கீழே பட்டால் மட்டும் குற்றமில்லை.

டீச்சர்: நல்ல நாகரிகமான ஆட்டம். யார் கண்டுபிடித்தது?

சுரேஷ்: 1965-இல் அமெரிக்காவில், பெயின்பிரிட்ஜ் தீவில். கோடை விடுமுறையில் பிள்ளைகள் சலித்துப்போய் இருக்க, ஜோயல் பிரிச்சர்டும் நண்பர்களும் பட்மின்டன் தளத்தில் மேசைப்பந்து மட்டையையும் ஓட்டைப் பந்தையும் வைத்துத் தொடங்கினார்களாம். குடும்பமாகச் சேர்ந்து ஆடுவதற்கு.

டீச்சர்: அவர்களுக்குச் சம்பந்திகள் இருந்திருக்க மாட்டார்கள்.

சுரேஷ்: உங்கள் அடி பெரும்பாலும் எங்கே போய் விழுகிறது டீச்சர்?

டீச்சர்: கோட்டுக்கு வெளியே. கடைசியாக, சம்பந்தி கொண்டுவந்த பட்டர் கேக்கில்.

சுரேஷ்: குறிவைத்தா?

டீச்சர்: குறிவைத்திருந்தால் அது கேக்கில் ஏன் விழப்போகிறது?

சுரேஷ்: அப்படியானால் உங்களுக்குப் பலம் குறைவில்லை. அந்தப் பலத்தைத் தளத்துக்குள் இறக்குவதுதான் பிரச்சினை. ஃபைபர் கிளாஸ் முகப்பு எடுத்தால் பந்து துள்ளிக்கொண்டு இன்னும் தூரம் போகும். இதைத் தொட்டுப் பாருங்கள், காபன் ஃபைபர்.

(டீச்சர் சுட்டுவிரல் நகத்தால் மட்டையின் முகத்தைச் சுரண்டுகிறார். உப்புத்தாளைப் போல மெல்லிய சரசரப்பு. நகத்தில் கறுப்புத் துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சரக்கை நம்பாத வாடிக்கையாளரின் பழக்கம்.)

சுரேஷ்: இந்தச் சொரசொரப்பு பந்தைப் பிடிக்கும். கீழிருந்து மேலாக உரசி அடித்தால் பந்து முன்பக்கம் சுழன்றுகொண்டு போய், கோட்டுக்கு முன்னாலேயே தலைகுப்புற இறங்கும்.

டீச்சர்: அதாவது பரவளைவின் இறங்குமுகம் செங்குத்தாகிறது.

சுரேஷ்: அதேதான் டீச்சர்.

டீச்சர்: வகுப்பில் இதை நடத்தியபோது நீ ஜன்னல் வழியாக ரெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சுரேஷ்: (அவசரமாக) நீளத்துக்கு வருவோம். ஆக்ரோஷமாக ஆடுகிறவர்களுக்கு நீள மட்டைதான் நல்லது. எட்டும் தூரம் அதிகம், வீச்சும் அதிகம். இது 16.5 அங்குலம்.

டீச்சர்: 20 அங்குலத்தில் இல்லையா? இங்கிருந்தே எட்டுமே.

சுரேஷ்: நீளம் 17-ஐத் தாண்டக் கூடாது. நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

டீச்சர்: 16.5 நீளமானால் அகலம் அதிகபட்சம் எவ்வளவு?

சுரேஷ்: (நேராக நின்று) 7.5, டீச்சர்.

டீச்சர்: உட்கார்.

(சுரேஷ் உட்கார்ந்துவிடுகிறார். கடைப்பையன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குள் ஓடுகிறான்.)

சுரேஷ்: ஒல்லியான மட்டை என்பதால் நடுவில் படாத பந்து கொஞ்சம் தடுமாறும், அதை மட்டும் கவனியுங்கள். அடுத்தது தடிப்பு. 14 மில்லிமீற்றர் எடுங்கள், பந்து சுறுக்கென்று பாயும். 16 மில்லிமீற்றர் மென்மை, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அறைகள் அடியை வாங்கிக்கொள்ளும். அது தடுத்து ஆடுகிறவர்களுக்கு. போன கிழமைகூட நுவரெலியாவிலிருந்து ஓர் அம்மா வந்து, "எதிரே ஒருத்தர் ஓங்கி ஓங்கி அடிக்கிறார் தம்பி, அதை உறிஞ்சுகிற மட்டை ஒன்று..."

(மௌனம். கூரைத் தகரத்தில் மழை மட்டும் பேசுகிறது.)

டீச்சர்: நீலக் குடையா?

சுரேஷ்: எனக்குக் குடையெல்லாம் ஞாபகம் இல்லை.

டீச்சர்: "தம்பி, தம்பி" என்று வார்த்தைக்கு வார்த்தை தேன் ஒழுகியதா?

சுரேஷ்: ஒழுகியது, டீச்சர்.

டீச்சர்: ஆக, எனக்கு வாளும் அவருக்குக் கேடயமும் விற்கிறாய்.

சுரேஷ்: கடை என்றால் எல்லாரும் வருவார்கள்தானே! வேண்டுமானால் பந்தில் உதவுகிறேன். நுவரெலியாக் குளிரில் பிளாஸ்டிக் பந்து இறுகிப்போகும், சரியாக எழும்பாது, சீக்கிரம் வெடித்தும் போகும். பையிலே சூடாக வைத்திருந்து எடுங்கள்.

டீச்சர்: அந்த ஊரில் பந்துக்கே மனம் இறுகிப்போகிறது. சரி, கைப்பிடி?

(சுரேஷ் மட்டையை அவர் கையில் கொடுத்து, மடங்கிய விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே தன் சுட்டுவிரலை நுழைத்துப் பார்க்கிறார். அளவாக நுழைகிறது. விரலை வெளியே எடுக்கத்தான் கொஞ்ச நேரம் எடுக்கிறது, டீச்சர் பிடியைத் தளர்த்தவில்லை.)

டீச்சர்: விலை?

சுரேஷ்: 18,500 ரூபாய்.

டீச்சர்: அவருக்கு எவ்வளவு குறைத்தாய்?

சுரேஷ்: 500.

டீச்சர்: எனக்கு 1,000 குறை.

சுரேஷ்: டீச்சர், கட்டுப்படியாகாது. வேறு கடையில் கேட்டுப் பாருங்கள்...

டீச்சர்: தவணைப் பரீட்சையில் உனக்கு 35 போட்டேன், நினைவிருக்கிறதா? வந்தது 31.

(சுரேஷ் பேசாமல் 17,500 என்று பில் எழுதுகிறார்.)

சுரேஷ்: பெட்டியில் போட்டுத் தரட்டுமா?

டீச்சர்: வேண்டாம். நுவரெலியா பஸ்ஸில் கையிலேயே பிடித்துக்கொண்டு போகிறேன். தரிப்பிடத்துக்குச் சம்பந்தி வருவார்.