அந்தக் கரகரப்பு தேய்ந்த தட்டிலிருந்து வந்ததல்ல

"பழைய அண்டர்கிரவுண்ட் ஹிப்-ஹாப் பீட்டுகளின் கரகரப்புக்குத் தேய்ந்த இசைத்தட்டுகள்தான் காரணம்" என்று ஒருவர் சொல்கிறார். பாதிதான் சரி. தட்டின் பொரிச்சத்தம் வேறு, டிரம்ஸின் முரட்டுத்தனம் வேறு. 1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து மீண்டும் இசைக்கும் கருவி) 12 பிட்டில், சுமார் 26 கிலோஹெர்ட்ஸில், அதாவது குறைந்த நுணுக்கத்தில்தான் ஒலியைப் பதியும். மொத்த நினைவகமே ஏறக்குறைய 10 வினாடி. இடத்தை மிச்சம் பிடிக்க நிமிடத்துக்கு 33 சுற்று வேகத் தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்குவார்கள். அந்த இறக்கத்தில்தான் ஒலி நொறுங்கி, லேசான உலோகச் சாயல் ஏறும். வேலை முடிந்து ராத்திரி ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து மென்பொருளில் இதையே செய்து பார்க்கிறேன். கீறலே இல்லாத தட்டிலிருந்து எடுத்த ஸ்னேர் டிரம் ஒலியும் அப்படியே கரகரக்கிறது, ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது! பொரிச்சத்தத்தை மட்டும் மேலே தூவினால் இது கிடைக்காது.